சைன் போட்டால் தீட்டா?

கணக்கு வாத்தியார்களில் ஒரு ரகம் உண்டு. வடிவியல் கணக்கில் மாணவன் ஒரு சைனோ காஸோ எழுதிவிட்டால் போதும், அவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். பூஜை அறைக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். “விடை சரிதான், ஆனா இது ஜியோமெட்ரி இல்லையே” என்பார்கள். கோடு வரைந்து, சர்வசமம் காட்டி, வட்ட நாற்கரம் கண்டுபிடித்துப் போட்டால்தான் அவர்களுக்கு அது சுத்தமான கணக்கு. சைன் போட்டது குறுக்கு வழி, மூளை இல்லாதவன் வழி. தீட்டா என்ற கிரேக்க எழுத்தைத் தமிழில் எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால், இவர்கள் மனசில் இருப்பது அப்படியே வந்துவிடும்.

34 வருஷம் சாக்பீஸ் தூள் தின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்தச் சுத்தபத்தத்துக்குக் கணிதத்தில் ஆதாரம் இல்லை. அதனால் கெட்டுப்போனவர்கள் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் பேசுவது போட்டிக் கணக்குகளைப் பற்றி. பள்ளிப் பாடப் புத்தகத்துக் கணக்கு இல்லை. சர்வதேசக் கணித ஒலிம்பியாட் 1959ல் ருமேனியாவில் தொடங்கியது. இந்தியா 1989ல் போய்ச் சேர்ந்தது, 1996ல் மும்பையில் நாமே நடத்தினோம். இரண்டு நாள், நாளைக்கு நாலரை மணி நேரம், மொத்தம் 6 கணக்கு, ஒவ்வொன்றுக்கும் 7 மதிப்பெண். அதில் வடிவியல் கணக்கு நிச்சயம் இருக்கும். அந்தப் போட்டியில் எங்கேயும் “திரிகோணமிதி பயன்படுத்தக் கூடாது” என்று விதி கிடையாது. நிரூபணம் முழுமையாக, பிழையில்லாமல் இருந்தால் முழு மதிப்பெண். உலகத்திலேயே பெரிய போட்டிக்கு இல்லாத ஆசாரம் நம் ஊர் மாவட்டப் போட்டிக்கும், டியூஷன் சென்டர் வாத்தியாருக்கும் எங்கிருந்து வந்தது?

அவர்கள் பெருமையாகக் காட்டும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். லாங்லி என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர், ‘மேத்தமெட்டிகல் கெஜட்’ பத்திரிகையைத் தொடங்கி அதன் முதல் ஆசிரியராக இருந்தவர், 1922ல் அதிலேயே வெளியிட்ட கணக்கு. பார்க்க ஐந்தாம் வகுப்புக் கணக்கு மாதிரி இருக்கும். போட்டுப் பார்த்தால் தூக்கம் போய்விடும். பென்சில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

க, ச, ட என்று ஒரு இருசமபக்க முக்கோணம். உச்சி க-வில் 20 டிகிரி. அடியில் ச, ட இரண்டிலும் 80, 80. ச-விலிருந்து அடிப்பக்கத்தோடு 60 டிகிரி வரும்படி ஒரு கோடு போடுங்கள், அது எதிர்ப்பக்கமான கட-வை த என்ற இடத்தில் தொடட்டும். ட-விலிருந்து அடிப்பக்கத்தோடு 50 டிகிரியில் இன்னொரு கோடு, அது கச-வை ப-வில் தொடட்டும். இப்போது தப-வை இணையுங்கள். சதப என்ற கோணம் எவ்வளவு?

கோணங்களைக் கூட்டிக் கழித்து விடை வராது. எத்தனை முக்கோணம் எழுதினாலும் ஒன்றையே சுற்றிச் சுற்றி வருவோம். மெர்சர் என்பவர் 1923ல் அதே பத்திரிகையில் கொடுத்த வழி இது. ச-விலிருந்து அடிப்பக்கத்தோடு 20 டிகிரியில் புதிதாக ஒரு கோடு வரைகிறார், அது கட-வை ம-வில் தொடுகிறது. சமட முக்கோணத்தில் 20, 80, ஆகவே மீதியும் 80. அதனால் சம = சட. சபட முக்கோணத்தில் 80, 50, மீதி 50. அதனால் சப = சட. ஆக சம-வும் சப-வும் சமம், நடுவில் கோணம் 80 கழித்தல் 20, அதாவது 60. பசம சமபக்க முக்கோணம்! அடுத்து சமத முக்கோணத்தில் ச-வில் 40, த-வில் 40, அதனால் மத = மச = மப. ம-வில் பமத கோணம் 180லிருந்து 80ம் 60ம் போக 40. அப்படியானால் பதம கோணம் 70. அதில் 40 போனால் மீதி 30. விடை 30 டிகிரி.

அழகுதான். மறுக்கவில்லை. எத்தனை முறை கரும்பலகையில் போட்டாலும் அந்தச் சமபக்க முக்கோணம் எழும்பும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் ஒரு பையன் கை தூக்கி, “சார், அந்த 20 டிகிரி கோடு போடணும்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டால் என்ன பதில்? நான் கேட்ட பதில்கள் இவை: “பழக்கத்தில் வரும்.” “உள்ளுணர்வு.” “அது இருந்தால்தான்டா கணக்கு வரும்.” கடைசிப் பதில்தான் விஷம். அந்தக் கோடு தோன்றாத பிள்ளை, தனக்குக் கணக்கு மண்டை இல்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிடுகிறது.

இப்போது திரிகோணமிதி வழி. சட நீளத்தை 1 என்று வையுங்கள். மேலே பார்த்தபடி சப-வும் 1. சதட முக்கோணத்தில் கோணங்கள் 60, 80, 40. சைன் விதிப்படி சத என்பது சைன் 80ஐ சைன் 40ஆல் வகுத்தது, அதாவது 2 காஸ் 40. மீதி இருப்பது சபத முக்கோணம். அதில் ச-வில் 20 டிகிரி, த-வில் நாம் தேடும் தீட்டா. மறுபடி சைன் விதி போட்டால்,

சைன் (20 + தீட்டா) = 2 × காஸ் 40 × சைன் தீட்டா.

இடப்பக்கத்தை விரித்து, சைன் தீட்டாவால் வகுத்தால்: சைன் 20 × காட் தீட்டா + காஸ் 20 = 2 காஸ் 40. நாற்பதை 60 கழித்தல் 20 என்று எழுதி விரியுங்கள். வலப்பக்கம் காஸ் 20 + வர்க்கமூலம் 3 × சைன் 20 ஆகிறது. இரண்டு பக்கமும் காஸ் 20 அடிபட்டுப் போகிறது. காட் தீட்டா = வர்க்கமூலம் 3. தீட்டா 30.

படத்தில் ஒரு கோடுகூடப் புதிதாகப் போடவில்லை. கோட்டைக் கனவு காணவும் வேண்டாம். சைன் விதி இரண்டு முறை, கூட்டல் சூத்திரம் இரண்டு முறை, பத்து வரி. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை உட்கார்ந்து போட்டுவிடும். நாற்பதை 60 கழித்தல் 20 என்று பிரித்தோமே, அந்த 60 எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தீர்களா? மெர்சர் வரைந்த சமபக்க முக்கோணம்தான் இங்கே எண் வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்பது என் எண்ணம். அங்கே கண்ணுக்குத் தெரிகிறது, இங்கே கைக்கு அகப்படுகிறது.

சுத்தக்காரர்கள் சொல்லும் முக்கியமான வாதம் ஒன்று: சைன் போட்டால் விடை வரும், ‘ஏன்’ என்பது புரியாது. இதற்கு மார்லி தேற்றத்தைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. 1899ல் பிராங்க் மார்லி கண்டது. எந்த முக்கோணத்தை எடுத்தாலும் சரி, அதன் மூன்று கோணங்களையும் மூன்று மூன்று சம பங்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஒட்டிய இரண்டு பிரிகோடுகள் சந்திக்கும் புள்ளிகளை இணைத்தால் உள்ளே ஒரு சமபக்க முக்கோணம் உட்கார்ந்திருக்கும். யூக்ளிடுக்குப் பிறகு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. இதைத் திரிகோணமிதியில் போட்டால், அந்த உள் முக்கோணத்தின் ஒரு பக்கம் இப்படி வரும்: சுற்றுவட்ட ஆரத்தை 8ஆல் பெருக்கி, மூன்று கோணங்களின் மூன்றில் ஒரு பங்குகளுடைய சைன்களால் பெருக்கியது. அந்தக் கோவையைப் பாருங்கள். அதில் மூன்று கோணங்களும் ஒரே மாதிரி இருக்கின்றன, எவருக்கும் தனி மரியாதை இல்லை. அப்புறம் அடுத்த பக்கத்தைக் கணக்குப் போடுவானேன்? அதே கோவைதான் வரும். ஆகவே சமபக்கம். சமம் என்பது மட்டும் இல்லை, எவ்வளவு நீளம் என்றும் தெரிந்துவிட்டது. கோடு வழி நிரூபணம் பல உண்டு, அழகானவைதான். ஆனால் நீளம் எவ்வளவு என்று கேட்டால் அவை வாயைத் திறக்காது. இதில் எது ‘ஏன்’ என்பதை அதிகம் சொல்கிறது?

மார்லி தேற்றத்துக்கு ஆரம்பகால வடிவியல் நிரூபணங்களில் ஒன்றைக் கொடுத்தவர் நம் பக்கத்து மனிதர். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் இருந்த எம்.டி. நாரணய்யங்கார், 1909ல். இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகைக்கு ஆசிரியராக இருந்து, 1911ல் ராமானுஜனின் முதல் கட்டுரையை வெளியிட்டவரும் அவர்தான். அந்த ராமானுஜன் கும்பகோணத்தில் பள்ளிப் பையனாக இருந்தபோது கரைத்துக் குடித்த புத்தகம் எது? லோனியின் திரிகோணமிதி. அதே ராமானுஜன் 1913ல் அளவுகோலும் காம்பஸும் மட்டும் வைத்து, 355/113 என்ற மதிப்பு வரும்படி வட்டத்தைச் சதுரமாக்கும் அமைப்பு ஒன்றையும் எழுதினார். அவருக்கு இதில் ஒன்று மடி, ஒன்று விழுப்பு என்று இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னும் பின்னால் போவோம். வட்ட நாற்கரத்தில் எதிர்ப்பக்கப் பெருக்கல்களின் கூடுதல் மூலைவிட்டங்களின் பெருக்கலுக்குச் சமம் என்ற தாலமி தேற்றம், சுத்தக்காரர்களுக்கு உயிர். “சைன் வேண்டாம், தாலமி போடு” என்பார்கள். தாலமி அந்தத் தேற்றத்தை எதற்குப் பயன்படுத்தினார்? அல்மஜெஸ்ட் நூலில் அரை டிகிரிக்கு ஒன்றாக நாண்களின் நீளத்தை அட்டவணை போட. நாணில் பாதிதான் சைன். சைனின் கூட்டல் சூத்திரமும் தாலமி தேற்றமும் ஒன்றேதான், சட்டைதான் வேறு. நம் ஆரியபட்டர் 499ல் மூன்றே முக்கால் டிகிரிக்கு ஒன்றாக 24 அரைநாண்களின் வித்தியாசங்களைக் கொடுத்தார். அவர் சொன்ன ஜ்யா என்றாலும் வில்லின் நாண்தான், தமிழில் நாம் சொல்வதும் நாண்தான். அந்த ஜ்யாதான் அரபியில் ஜீபா ஆகி, ஜைப் என்று தவறாகப் படிக்கப்பட்டு, லத்தீனில் சைனஸ் ஆகித் திரும்பி வந்தது. நம் வீட்டுப் பிள்ளை வெளியூர் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தால் வாசலில் நிறுத்தி ஊர் கேட்கிறோம்.

சரி, பாதிப்புக்கு வருகிறேன். பல வருஷம் முன்பு மாவட்ட அளவில் ஒரு கணிதப் போட்டி. யார் நடத்தியது என்பது வேண்டாம். எங்கள் பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி போனாள். அப்பா சைக்கிளில் வைத்து மாவு விற்பவர். சைன் விதி பதினொன்றாம் வகுப்பில்தான் வரும், ஆனால் அந்தப் பெண் என்னிடம் கேட்டு வாங்கிப் படித்துக்கொண்டது. அதில் என்ன பிரமாதம் இருக்கிறது? உச்சியிலிருந்து ஒரு செங்குத்து போடு, அதன் நீளத்தை இடப்பக்கத்திலிருந்து ஒரு முறை, வலப்பக்கத்திலிருந்து ஒரு முறை எழுது, முடிந்தது. போட்டியில் வடிவியல் கணக்கை சைன் விதியில் முழுசாகப் போட்டாள். ஒரு படி விடவில்லை. விடைத்தாளில் குறுக்காகச் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் “முறை தவறு”, கீழே பூச்சியம். அடுத்த சுற்றுக்குப் போகவில்லை.

நான் நேரில் போய்க் கேட்டேன். “ஜியோமெட்ரின்னா ஜியோமெட்ரிதான் சார், நீங்களே இப்படிச் சொல்லலாமா?” என்றார்கள். தாளில் தவறான வரியைக் காட்டுங்கள் என்றேன். காட்ட முடியவில்லை. மதிப்பெண்ணும் மாறவில்லை. அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்விதான்: “தப்பு எங்க சார்?” தப்பே இல்லம்மா என்றேன். “அப்ப ஏன் சார்?” அடுத்த வருஷம் பெயர் கொடுக்கச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

கூடுதல் கோடு போடும் வித்தை வானத்திலிருந்து விழுவதில்லை. நூறு கணக்கில் பார்த்தால் நூற்றியோராவதில் தோன்றும். அந்த நூறு கணக்குக்குப் புத்தகம் வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், சனி ஞாயிறு வேண்டும், பெரும்பாலும் பணமும் வேண்டும். நகரத்தில் ஆறாம் வகுப்பிலிருந்தே பயிற்சிக்குப் போகிற பிள்ளைக்கு அது ‘உள்ளுணர்வாக’ வந்துவிடுகிறது. ஓர் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கையில் இருப்பது பாடப் புத்தகமும் அதில் உள்ள சூத்திரமும்தான். அதை வைத்துக்கொண்டு நேர்மையாக மலையேறி வருகிறவனை, “படிக்கட்டு வழியாக வந்தாய், கயிறு பிடித்து ஏறவில்லை” என்று திருப்பி அனுப்புவது எந்த ஊர் நியாயம்? சென்னையில் 1965லிருந்து இயங்கும் கணித ஆசிரியர்கள் சங்கம் போன்றவர்கள் ஊர் ஊராகப் போட்டி நடத்திப் பிள்ளைகளை இழுத்து வருவது பெரிய காரியம். வந்த பிள்ளையை வாசலில் சலித்து அனுப்பும் வேலையை இடையில் சிலர் செய்கிறார்கள்.

மறுபக்கத்துக்காரர்களையும் நான் விடப்போவதில்லை. இப்போது சில பயிற்சி மையங்களில் படமே போடாமல் சூத்திரத்தைக் கொட்டுகிறார்கள். அது திரிகோணமிதி இல்லை, மாவு மில். மூன்று பக்கம் அரைத்துப் பாதியில் நின்றால் அந்த அரைவைக்குப் பெரும்பாலும் மதிப்பெண் கிடைக்காது. கோடு வழியில் பாதி வந்தவனுக்காவது ஒரு உண்மையை நிரூபித்ததற்கு ஏதாவது கிடைக்கும். சூத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு போனால் பள்ளத்திலும் விழலாம். 1968 ஒலிம்பியாடின் முதல் கணக்கு நல்ல உதாரணம்: பக்கங்கள் அடுத்தடுத்த முழு எண்கள், ஒரு கோணம் இன்னொன்றின் இரு மடங்கு, அப்படி ஒரே ஒரு முக்கோணம்தான் உண்டு என்று நிரூபி. விடை 4, 5, 6.

கோணம் க, கோணம் ச-வின் இரு மடங்கு என்று வையுங்கள். காஸ் விதியில் இறங்கினால் நடுவில் இரு பக்கங்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டி வரும். அந்த வித்தியாசம் பூச்சியமானால்? யோசிக்காமல் அடித்துவிட்டுப் போவார்கள். அங்கே நிச்சயம் மதிப்பெண் போகும், போகவும் வேண்டும். கோடு வழியில் இந்தத் தொல்லையே இல்லை. டக-வை க-வுக்கு அப்பால் நீட்டி, கச அளவுக்கு வெட்டி த என்று குறியுங்கள். கோணம் த, கோணம் க-வில் பாதி, அதாவது கோணம் ச-வுக்குச் சமம். டசத-வும் டகச-வும் வடிவொத்தவை. டச-வின் வர்க்கம் = டக × (டக + கச). நாலு வரி. 36 = 4 × 9, சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த எண்களைப் போட்டுப் பார்ப்பது மட்டும்தான் மீதி.

சுத்தக்காரர்கள் கைதட்டுவதற்கு முன்: சைன் வழியிலும் பள்ளம் இல்லாத பாதை உண்டு. இரண்டு சைன் வர்க்கங்களின் வித்தியாசம், கோணங்களின் கூடுதலின் சைனையும் வித்தியாசத்தின் சைனையும் பெருக்கியது. இங்கே வித்தியாசம் ச-வேதான், கூடுதலின் சைன் ட-வின் சைன். அதே சமன்பாடு ஒரே வரியில் வந்துவிடுகிறது, எதையும் வகுக்கவில்லை. எந்தச் சூத்திரத்தைக் கையில் எடுப்பது என்பதற்கும் கண் வேண்டும். கோடு போடுகிறவனுக்கு மட்டும்தான் கலை, சைன் போடுகிறவன் கூலிக்காரன் என்ற எண்ணம் இந்த ஒரு வரியிலேயே உடைகிறது.

போட்டி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. வினாத்தாளின் மேல் ஒரு வரி அச்சடியுங்கள்: “எந்த முறையிலும் நிரூபிக்கலாம்.” திருத்துகிறவர் கையிலும் அதையே கொடுங்கள். பூச்சியம் போடுவதென்றால் தவறான வரியின் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பில் உயரமும் தூரமும் நடத்தும்போது ஒரு பீரியட் ஒதுக்கி சைன் விதியைச் சொல்லிக்கொடுங்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து கப்பலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், அந்த நேரத்தில் இது முடியும்.

பேரன் பேத்திக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன அதே 20, 80, 80 முக்கோணம். கச பக்கத்தில், க-விலிருந்து அடிப்பக்கமான சட-வின் நீளத்துக்கு அளந்து ஒரு புள்ளி வையுங்கள், அதை ன என்போம். னட-வை இணையுங்கள். சனட கோணம் எவ்வளவு? கோடு போட்டாலும் சரி, சைன் போட்டாலும் சரி.